தூக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறதா? சயாமா பதில் சொல்கிறார்

வணக்கம். ரங்கூனில் 31 வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே நர்ஸை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதிக்கு மேல் நெஞ்சு நோய் வார்டில் போனது. தூக்கத்தில் வேர்ப்பது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டேன். எந்த வேர்வையை விட்டுவிடலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஓர் அளவு வைத்துக்கொள்வோம். கழுத்து, நெஞ்சு, முதுகு பிசுபிசுவென்று இருப்பது ஒன்று. அறை குளிர்ச்சியாக இருந்தும் பனியன், தலையணை உறை, விரிப்பு எல்லாம் நனைந்து, எழுந்து துணி மாற்றாமல் திரும்பப் படுக்க முடியாது என்பது இன்னொன்று. 'நனைக்கிற வேர்வை' என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

தாம்வேயிலிருந்து: கரண்ட் போனதும் ஃபேன் நிற்கிறது. ராத்திரி முழுக்க வேர்வை. இது வியாதியா அக்கா?

இல்லை. தூக்கம் வரும் நேரத்தில் உடம்பு தன் உள்சூட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும். தோலுக்கு ரத்தம் அதிகமாக ஓடி, வேர்த்து, அந்த வேர்வை காற்றில் உலரும்போது சூடு வெளியேறும். திஞ்சான் (சித்திரை மாதத்துப் பர்மியத் தண்ணீர்த் திருவிழா) சமயத்து ரங்கூன் காற்றில் அந்த உலர்தலே நடப்பதில்லை. உடம்பு விடாமல் வேர்த்துக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது. ரெக்சின் உறை போட்ட பஞ்சு மெத்தையில் படுத்தால் முதுகுப் பக்கம் காற்றே போகாது. மெத்தையை எடுத்துவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரியுங்கள். கனத்த நைலான் கொசுவலைக்குப் பதில், கொசு புகாத அளவுக்குக் கொஞ்சம் பெரிய கண் வைத்த வலை கட்டுங்கள். ஆனால் வலையில்லாமல் மட்டும் படுக்காதீர்கள். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டால் போதும்.

ஒரு சோதனையும் சொல்கிறேன். மழை கொட்டி ஊரே குளிர்ந்த ராத்திரியிலோ, மார்கழி தை மாதத்திலோ இதே மாதிரி நனைகிறீர்களா? அப்படி நனைந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மோல்மீனிலிருந்து: அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, பிரஷருக்கு அட்டெனோலால் சாப்பிடுகிறார். பங்குனி உத்திரக் காவடிக்கு விரதம் இருக்கிறார், ராத்திரியில் பாலும் பழமும்தான். விடியற்காலை 3 மணிக்கு உடம்பெல்லாம் நனைந்து ஏதோ உளறினார். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை, தலைவலி என்கிறார். அம்மா 'முருகன் வந்து இறங்கியிருக்கிறார்' என்கிறார்.

தம்பி, இதைப் படித்ததும் உடனே வேலையைத் தொடங்குங்கள். இது சர்க்கரை இறங்கிப்போவதன் அடையாளமாகத் தெரிகிறது. கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை. ராத்திரிச் சாப்பாடு இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அது உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடம்பு அபாய மணி அடிக்கும். படபடப்பு, கை நடுக்கம், பசி, வேர்வை எல்லாம் அந்த மணிதான். அட்டெனோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வேர்வையை அமுக்காது. உங்கள் அப்பாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே எச்சரிக்கை அந்த வேர்வைதான்.

இன்று ராத்திரி 2, 3 மணிக்கு அவரை எழுப்பி விரலில் குத்திப் பாருங்கள். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்துங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிடட்டும். கூப்பிட்டால் விழிக்காத நிலையில் இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு தடவை இப்படி இறங்கியவருக்கு மறுபடியும் இறங்கும். அதனால் நாளைக்கே டாக்டரிடம் விரதத்தையும் சொல்லி மாத்திரை அளவைக் கேளுங்கள்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நானும் தீ மிதித்தவள்தான். மாத்திரை சாப்பிடுகிறவர் ராத்திரி இரண்டு கவளம் சோறு சாப்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தெற்கு ஒக்கலாப்பாவிலிருந்து: ஃபேன் இல்லாமல் வேர்க்கிறது, என்ன மருந்து?

தாம்வேக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். மருந்து வேண்டாம்.

தட்டோனிலிருந்து: எனக்கு 47. மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது. ராத்திரி நெஞ்சிலிருந்து முகத்துக்கு நெருப்பு ஏறுகிற மாதிரி வந்து குப்பென்று வேர்க்கும். கொஞ்ச நேரத்தில் குளிரும். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றும் இல்லை தங்கச்சி. மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் அப்போது சின்ன ஏற்றத்தைக்கூடப் பொறுக்காமல் ரத்தக் குழாய்களைத் திறந்துவிடும். ஒரு வீச்சு சில நிமிஷம் இருக்கும். சிலருக்கு ஒரு வருஷத்தில் அடங்கும், பலருக்கு ஏழு வருஷம் வரைகூடப் போகும். படுக்கும் முன் பால் டீ, காரம், சூடான சூப் இவற்றைக் குறைத்துப் பாருங்கள். தலைமாட்டில் ஈரத் துண்டும் மாற்று ரவிக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாவிட்டால் ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் ரத்தம் கட்டிய சரித்திரம் உள்ளவர்களுக்கும் அது ஆகாது, டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். இதோடு காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால், 'இது அந்த வயசுக் கோளாறுதான்' என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பெகுவிலிருந்து: என் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். ஒன்றரை மாதமாக இருமல். சாயங்காலம் உடம்பு காயும், ராத்திரி பாய் நனையும். மருந்துக்கடையில் மாத்திரைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறார். மெலிந்த மாதிரி தெரியவில்லை.

அம்மா, முதலில் அவரை நிறுத்துப் பாருங்கள். பேன்ட் போடுகிற ஊரில் இடுப்பு தளர்ந்ததும் தெரிந்துவிடும். கைலி எந்த இடுப்புக்கும் இறுகும். ஐந்து கிலோ குறைந்தாலும் முடிச்சு கொஞ்சம் உள்ளே போகும், அவ்வளவுதான். அரிசிக் கடைத் தராசில் ஏற்றினால்கூடப் போதும். எடையை எழுதி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏற்றுங்கள். வார்டில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் 'மெலியவில்லை' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், நனைக்கிற வேர்வை மூன்றும் சேர்ந்தால் காசநோய் இல்லை என்று நிரூபிக்கும் வரை அது காசநோய் என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். காசநோய்ச் சுமை அதிகமுள்ள 30 நாடுகள் என்று உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் நம் பர்மாவும் இருக்கிறது. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் விடுகிற ரசாயனம் மூளையின் சூட்டு அளவை மேலே தள்ளும், அதுதான் சாயங்காலக் காய்ச்சல். நடுராத்திரிக்கு மேல் அந்த அளவு திடீரென்று இறங்கும். ஏறிய சூட்டை வெளியேற்ற உடம்புக்கு வேர்வைதான் வழி. அதனால்தான் பாய் நனைகிறது.

அந்தப் பொட்டலத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறேன். என் சொந்த அண்ணி மூன்று மாதம் இதே மாதிரிப் பொட்டலம் சாப்பிட்டாள். நான் நெஞ்சு வார்டில் வேலை பார்க்கிறேன், எனக்கே தெரியாது. வேர்வையில் ஊறின ரவிக்கையை யாரும் எழும் முன்னே துவைத்துக் கொல்லையில் காயப்போட்டுவிடுவாள். ஒருநாள் அவள் தலையணை உறையை எடுத்து முகர்ந்தபோதுதான் அந்தப் புளித்த நாற்றத்தை அடையாளம் கண்டேன். தலையணைக்கு அடியில் சின்ன பிளாஸ்டிக் கவர், உள்ளே ஐந்து மாத்திரை. ஒரு பெரிய வெள்ளை, பாரசிட்டமால். ஒரு மஞ்சள், வைட்டமின். ஒரு ரோஸ். பாதியாக வெட்டின ஒன்று. அப்புறம் பேரில்லாத ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டிதான் ஸ்டீராய்டு என்று கடைக்காரர் பிறகு சொன்னார். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், பசியைக் கிளப்பும், கன்னத்தை உப்ப வைக்கும். ஊரே 'தேறிவிட்டாள்' என்றது. உள்ளே எதிர்ப்புச் சக்தியை அது அடித்துப் போட்டு, கிருமிக்கு வீட்டைத் திறந்துவிட்டது. அண்ணி பிழைத்தாள். இடது நுரையீரல் சுருங்கிவிட்டது. மாடிப்படி ஏறினால் இரண்டு இடத்தில் நிற்கிறாள்.

மாதக்கணக்கில் பொட்டலம் சாப்பிட்டு முகம் உப்பியவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து உண்டு, மயங்கி விழுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் எப்போதாவது இரண்டு நாள் சாப்பிட்டவர் என்பதால் நிறுத்தச் சொல்கிறேன். மற்றவர்கள் பொட்டலத்தையே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பெகுவிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவர்: அக்கா, படித்தேன். மனசு வலிக்கிறது. டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போய்விடும், வரிசையில் அரை நாள் போகும். மூட்டை தூக்குகிறவன் அன்றைக்குச் சாப்பிட வேண்டாமா? ராத்திரி 9 மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவன் நான்தான். எங்களை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமா?

தம்பி, நீங்கள் எழுந்து வருவது உண்மை. அதற்கு நான் கும்பிடு போடுகிறேன். ஏழை முதலில் தட்டுகிற கதவு உங்களுடையது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கேட்கிறேன். அரசுக் காசநோய்த் திட்டத்தில் சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. இது தெரியாத ஒருவன் உங்கள் கடைக்கு மூன்று மாதம் வந்து போனால், கொடுத்த காசும் போகும், நெஞ்சும் போகும், வீட்டில் குழந்தைக்கும் ஒட்டும்.

அதே கடைக்காரர்: நான் தராவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்.

வாங்குவான். அண்ணிக்குத் தந்தவரும் இதையேதான் சொன்னார். நான் கடையை மூடச் சொல்லவில்லை. பாரசிட்டமால் கேட்டால் அட்டையோடு, பேரோடு, அதை மட்டும் கொடுங்கள். பேரில்லாத மாத்திரையைக் கவரில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

சிரியத்திலிருந்து: நான் கடைக்காரர் பக்கம். என் அம்மாவை அந்தப் பொட்டலம்தான் இத்தனை வருஷம் நடமாட வைத்திருக்கிறது. மூட்டுவலி இல்லை, பசி எடுக்கிறது.

ஐயா, அம்மாவுக்குக் கன்னம் உப்பி, கை கால் மெலிந்து, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா? ஆம் என்றால் அவரும் ஸ்டீராய்டில்தான் நடமாடுகிறார். அவருக்கு ரத்தத்தில் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பக்கம் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கடைக்காரர் மறுபடி: சரி அக்கா. கவுண்டரில் நின்று நான் என்ன கேட்க வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காக நன்றி தம்பி. நாலு கேள்வி கேளுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டிவிட்டதா? எடை குறைந்ததா? ராத்திரி துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? வீட்டில் யாராவது காசநோய் மருந்து சாப்பிட்டார்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சளிப் பரிசோதனை எங்கே என்று தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். சர்க்கரை இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

ஹ்லைங்தாயாவிலிருந்து: ஃபேன் ஓடவில்லை, வேர்க்கிறது...

மேலே சொல்லியாகிவிட்டது. ஃபேன் கேள்வி இதோடு பதினொன்று. இனி வருவதை விட்டுவிடுகிறேன்.

24 வயது, ஊர் சொல்லவில்லை: ஃபோனில் தேடினேன். ரத்தப் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. நாலு நாளாகத் தூங்கவில்லை.

நிணநீர்ச் சுரப்பிப் புற்றில் நனைக்கிற வேர்வை வருவது உண்மைதான். டாக்டர்கள் அதோடு சேர்த்து 38 டிகிரிக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சலையும், ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததா என்பதையும் பார்ப்பார்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கைத் தடவிப் பாருங்கள். வலிக்காத கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. கடைசி வரியில் செர்ட்ராலின் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வுக்கான இந்த வகை மாத்திரைகள் பலருக்கு ராத்திரி வேர்வை தரும். திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மாத்திரையையோ மாற்றுவார்.

பெயர் வேண்டாம் என்றவர்: எச்.ஐ.வி. இருந்தாலும் இப்படி வேர்க்குமா?

வேர்க்கும். எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்து வருவது நம் நாட்டில் அதிகம். இரண்டு பரிசோதனையையும் ஒரே நாளில் செய்துகொள்ளுங்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வேலைக்குப் போய், பிள்ளையைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். பயந்து தள்ளிப்போட்டவர்களையும் தெரியும். இந்த வாரமே போங்கள்.

மியேக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து திரும்பியவர்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்கி, காய்ச்சல் அடித்து, வேர்த்துக் கொட்டியதும் சரியாகிவிடுகிறது. போன வருஷமும் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்டேன்.

நடுக்கம், காய்ச்சல், வேர்வை என்று 48 மணிக்கு ஒருமுறை வரிசையாக வருவது வைவாக்ஸ் மலேரியாவின் நடை. அந்தக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும். ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் மருந்து மட்டும் போதாது, ஈரலில் இருப்பதற்கு பிரைமாகுவின் வேண்டும். அதற்கு முன் ஜி-6-பி-டி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்கு பிரைமாகுவின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். இன்றைக்கே காட்டுங்கள்.

ட்வாந்தேயிலிருந்து: வயல் வேலை, சர்க்கரையும் இருக்கிறது. ஒரு மாதமாகக் காய்ச்சல், இருமல், ராத்திரி நனைகிறது. சளியில் காசநோய் இல்லை என்று மூன்று தடவை வந்துவிட்டது.

ஐயா, உங்கள் டாக்டரிடம் 'மெலியாய்டோசிஸ் இருக்குமா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேற்றிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் கிருமி அது, கால் வெடிப்பு வழியாக ஏறும், சர்க்கரை உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். காசநோய் மாதிரியே வேஷம் போடும். இதை உலகத்துக்கு முதலில் சொன்னது நம் ரங்கூன்தான். 1911இல் ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரியில் ஆல்பிரட் விட்மோரும் அவரோடு வேலை பார்த்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்து, 1912இல் எழுதி வெளியிட்டார்கள். விட்மோர் நோய் என்று அவர் பேரைத்தான் வைத்தார்கள். கிருஷ்ணசாமி பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் எப்போதும் சொல்வேன். ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில் பிடிபடும். காசநோய் மருந்துக்கு அடங்காது. ஊசி மருந்தும் அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். வயலில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள்.

மாந்தலேயிலிருந்து: மூன்று வயதுப் பிள்ளை தூங்கியதும் தலை மட்டும் நனைகிறது.

ஆழ்ந்த தூக்கத்தில் குழந்தைகளுக்குத் தலை வேர்ப்பது சகஜம். நன்றாகச் சாப்பிட்டு, ஓடி விளையாடி, எடை கூடினால் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து குறட்டை விட்டால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். கைக்குழந்தை பால் குடிக்கும்போதே வேர்த்து மூச்சு வாங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும், அதற்குத் தாமதம் கூடாது.

தின்கன்ஜூனிலிருந்து: அவர் குடித்தாலும் வேர்க்கிறது, நிறுத்தினாலும் வேர்க்கிறது.

குடித்த ராத்திரி வேர்ப்பது சாராயம் ரத்தக் குழாயைத் திறந்துவிடுவதால். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்திய முதல் மூன்று நாளில் வேர்வையோடு கை நடுங்கி, இல்லாதது கண்ணில் தெரியலாம், வலிப்பும் வரலாம். வீட்டில் கட்டிப்போடாதீர்கள், ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தட்டும்.

இன்னொருவர்: உள்ளங்கை வேர்க்கிறது, பகலில்.

அது தோல் டாக்டரிடம் கேட்க வேண்டியது.

பெகுவிலிருந்து, மூட்டை தூக்குகிறவரின் மனைவி: அக்கா, தராசில் ஏற்றினோம். 49 கிலோ. போன வருஷம் 56 இருந்தார். அந்தக் கடைக்கார அண்ணன் தாளில் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மூடி போட்ட டப்பா கொடுத்திருக்கிறார்கள், நாளைக் காலையில் சளி எடுத்து வரச் சொன்னார்கள். இவருக்கு எச்சில்தான் வருகிறது.

நல்லது செய்தீர்கள் அம்மா. காலையில் எழுந்ததும், டீ குடிக்கும் முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கட்டும். வெளியே, காற்றோட்டமான இடத்தில், நீங்களும் குழந்தைகளும் தள்ளி நில்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துக் கொஞ்சம் அடக்கி விடட்டும், இப்படி இரண்டு தடவை. மூன்றாவது மூச்சில் தொண்டையிலிருந்து காறாமல் அடிநெஞ்சிலிருந்து இரும வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக ஒரு டீஸ்பூன் அளவு வந்தால் போதும். டப்பாவின் வெளிப்பக்கம் படாமல் துப்பி மூடியை இறுக்குங்கள். வெயில் படாமல் எடுத்துப் போங்கள். மருந்து ஆரம்பித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள், ரிஃபாம்பிசின் நிறம் அது. வழக்கமான காசநோய் என்றால் ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது மாதத்தில் வேர்வை நின்று உடம்பு தேறியதும் நிறுத்திவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார், அப்போது எனக்கு எழுதுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.